சுருள் விரிந்த கதை: 'இவால்வ்' என்னும் வினைச்சொல்

பழைய ரோமில் புத்தகம் என்றால் பாப்பிரஸ் சுருள். வலக்கையால் விரித்து, படித்து முடித்த பகுதியை இடக்கையால் சுருட்டிக்கொண்டே போவார்கள். அப்படி விரிப்பதற்கு லத்தீனில் 'எவோல்வெரே' என்று பெயர்: 'எ' என்றால் வெளியே, 'வோல்வெரே' என்றால் உருட்டுதல். கவிஞர்களைப் படிப்பதைச் சிசரோ இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார். நூலின் 'வால்யூம்', ரிவால்வர் எல்லாம் இந்த வேரில் பிறந்தவையே. வால்வோ பஸ்ஸின் பெயருக்கும் 'உருள்கிறேன்' என்பதே பொருள்.

ஆங்கிலத்துக்கு 17ஆம் நூற்றாண்டில் வந்த 'இவால்வ்', தொடக்கத்தில் பெரும்பாலும் செயப்படுபொருளோடு வந்தது. ஒருவர் ஒன்றை விரிப்பார், வெளிக்கொணர்வார். வேதியியலில் அந்தப் பழைய வாசனை இன்னும் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லில் அமிலத்தை ஊற்றினால் நுரைத்துக் கிளம்பும் கார்பன் டை ஆக்சைடை ஆங்கில நூல்கள் இந்த வினையால்தான் சொல்கின்றன.

சுருளை விரிப்பவர் புதிதாக ஒன்றும் எழுதுவதில்லை. எழுதியிருப்பதுதான் வெளியே வருகிறது. ஸ்விட்சர்லாந்தின் ஆல்பிரெஹ்ட் ஃபான் ஹாலர் 1744இல் இந்தச் சொல்லைக் கருவளர்ச்சிக்கு எடுத்தாண்டது இதனால்தான். முட்டைக்குள் உயிரின் உருவம் முன்பே அமைந்திருக்கிறது, அது விரிவதே வளர்ச்சி என்பது அந்தக் கொள்கை. டார்வின் கண்டதோ நேர் எதிரானது. அவருடைய இயற்கையில் முன்கூட்டி எழுதிய சுருள் கிடையாது.

'உயிரினங்களின் தோற்றம்' முதல் பதிப்பில் (1859) 'எவல்யூஷன்' என்ற பெயர்ச்சொல் ஓரிடத்திலும் இல்லை. மாற்றங்களோடு கூடிய வழித்தோன்றல் என்றே டார்வின் எழுதினார். ஹாலரின் பொருளும், முன்னேற்றம் என்ற பொதுவழக்கும் அவரைத் தயங்க வைத்திருக்கும் என்கிறார் உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட். எனக்கு அது ஏற்புடையதாகவே படுகிறது. ஆனாலும் நூலின் கடைசிச் சொல் 'இவால்வ்ட்'! பெயர்ச்சொல்லைப் பரப்பியவர் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர். அவருக்கு அது எளியதிலிருந்து சிக்கலானதை நோக்கிய பயணம். 1872இல் வந்த ஆறாம் பதிப்பில் டார்வினும் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டார்.

ஸ்பென்சரின் சாயல்தான் இன்றைய பேச்சிலும் மேலோங்கி நிற்கிறது. ஒருபால் திருமணம் பற்றிய தன் கருத்து 'இவால்வ்' ஆகிக்கொண்டிருப்பதாக ஒபாமா 2010இல் சொன்னார். 2012இல் ஆதரவை அறிவித்தார். ஒரு மனிதர் படிப்படியாகத் தெளிவடைவது என்ற பொருள் அங்கே. அரசியலுக்கு அது பொருந்தலாம். உயிரியலுக்குள் அதே பொருளைக் கொண்டுபோனால் குழப்பம்தான் மிஞ்சும். அங்கே தனி உயிர் 'இவால்வ்' ஆவதில்லை, தலைமுறைகளின் ஊடே ஒரு கூட்டமே மாறுகிறது. மேலே ஏற வேண்டும் என்ற கட்டாயமும் அதற்கு இல்லை. மெக்சிகோவின் ஆறுகளில் கண்ணோடு நீந்தும் ஒரு மீனின் உறவுக்கூட்டம் இருண்ட குகைகளில் வாழ்கிறது. அந்தக் குகைமீனின் கருவில் கண் உருவாகத் தொடங்குகிறது. பிறகு லென்ஸின் செல்கள் மடிந்து, கண் சிதைந்து, அதன்மேல் தோல் மூடிவிடுகிறது. உயிரியலாளர்கள் இதற்கும் 'இவால்வ்' என்றே எழுதுகிறார்கள்.