வரிசைச் செயலாக்க மீளழைப்பு: லிப்பிகியூ திரும்பப் பெற்ற வடிவமைப்பு

பழனி மலையில் உள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் நிறுவப்பட்டது. 1904 முதல் அங்கு சூரியனின் வெள்ளொளிப் படங்கள் எடுக்கப்பட்டு வருகின்றன. இத்தகைய நூறாண்டுப் பதிவுகளை, ஒரு சூரியப் புள்ளிக்கு ஒரு வரிசை வீதம் தரவுத்தளத்தில் இட்டால் அட்டவணை மிக நீளும். அதை முழுவதும் படிக்கும் மாணவரின் கணினியில் நினைவகம் போதுமா என்பது, தரவுத்தளத்தோடு பேசும் கிளையன்ட் நூலகத்தின் வடிவமைப்பைப் பொறுத்தது.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் சி மொழி நூலகம் லிப்பிகியூ. அது இயல்பாக விடை முழுவதையும் நினைவகத்தில் சேர்த்த பிறகே நிரலிடம் தருகிறது. இக்குறையைப் போக்க, 2012 ஏப்ரலில் அதன் உருவாக்கப் பதிப்பில் மீளழைப்பு முறை சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு வரிசை வந்ததும் பயனரின் செயற்கூறை நூலகமே அழைக்கும். விடையைச் சேர்த்து வைக்க வேண்டியதில்லை.

வேகத்தில் இம்முறை சிறந்தது. ஆனால் கட்டுப்பாடு நிரலரின் கையிலிருந்து நூலகத்துக்குப் போய்விடுகிறது. ஆண்டுவாரியாகப் புள்ளிகளை எண்ண, மடக்கில் ஒரு மாறி போதும். மீளழைப்பிலோ அந்த எண்ணிக்கையைத் தனிக் கட்டமைப்பில் வைத்து, அதன் சுட்டியை ஒவ்வொரு அழைப்பிலும் கடத்த வேண்டும். சேவையகத்தின் செய்தியை நூலகம் படித்துக்கொண்டிருக்கும்போதே செயற்கூறு ஓடுவதால், பிழை நேர்ந்தால் எப்படி வெளியேறுவது, மீதி வரிசைகளை என்ன செய்வது என்பதற்கும் தனி விதிகள் தேவை.

2012 ஆகஸ்டில், 9.2 பதிப்பு வெளிவருமுன்பே, பொதுப் பயன்பாட்டிலிருந்து இம்முறை நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக 'ஒற்றை வரிசை முறை' வந்தது. இதில் நிரலே மடக்கின் வழியே ஒவ்வொரு வரிசையாகக் கேட்டுப் பெறுகிறது. வரிசைக்கு ஒரு விடைப்பொருள் உருவாவதால் செலவு கூடும் என்பதை அறிந்தே, பயன்படுத்த எளிது, கெடுப்பது கடினம் என்ற காரணத்தால் உருவாக்குநர்கள் இதைத் தேர்ந்தனர்.

இம்முடிவு சரியானதே, ஆயினும் குறையற்றதன்று. சில வரிசைகள் வந்த பிறகும் வினவல் தோல்வியடையலாம். அதுவரை செய்ததைத் திரும்பப் பெற நிரல் ஆயத்தமாக இருக்க வேண்டும். கூடுதல் செலவைக் குறைக்க, பல வரிசைகளை ஒருசேரத் தரும் முறை 2024-இல் 17-ஆம் பதிப்பில்தான் வந்தது.

மீளழைப்பு முற்றிலும் தவறு என்பதன்று. எஸ்கியூலைட் நூலகம் அதைச் சிறு பணிகளுக்கான வசதியாக வைத்திருக்கிறது. அடியில் ஓடுவது வரிசை வரிசையாக நகரும் மடக்கே. மடக்கின் மேல் மீளழைப்பைச் சில வரிகளில் கட்டலாம். மீளழைப்பின் மேல் மடக்கைக் கட்டுவது கடினம். நூலகம் அடித்தளமாகத் தர வேண்டியது எது என்பதை இவ்வேறுபாடே தீர்மானிக்கிறது.