பொறுப்பாளர் இல்லாத நிதியம்

தூய எரிசக்தித் தொழில்நுட்பங்களில் ஆய்வுக்கும் புதுமையான திட்டங்களுக்கும் பணம் தருவதற்கென்றே ஒரு தேசிய நிதியம் அமைக்கப்படும் என்று 2010ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அன்றைய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி அறிவித்தார். அதற்குப் பணம் வரும் வழியும் வகுக்கப்பட்டது: உள்நாட்டில் வெட்டியெடுத்தாலும் வெளிநாட்டிலிருந்து வந்தாலும், ஒரு டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் செஸ். காற்றைக் கெடுக்கும் எரிபொருளைக் கொண்டே அதற்கான மாற்றைத் தேடும் செலவைச் சமாளிக்கும் இந்த ஏற்பாடு, அந்தக் காலத்தில் வளரும் நாடுகளில் அரிதான ஒன்று. பதினைந்து ஆண்டுகளில் அந்த நிதியமும் இல்லை, அந்த செஸ்ஸும் இல்லை. திட்டமே தவறானது என்று இதை வைத்து முடிவுகட்டுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரியை வகுத்தவர்கள் சரியாக வகுத்தார்கள். அந்தப் பணத்தை யார், எந்த அதிகாரத்தோடு, எவ்வளவு துணிந்து செலவிடுவது என்ற கேள்விக்குத்தான் எவரும் விடை எழுதவில்லை.

வரியின் சிறப்பை முதலில் சொல்லியாக வேண்டும். நிலக்கரி, லட்சக்கணக்கான கடைகளில் கைமாறும் பொருள் அல்ல. நாட்டின் உற்பத்தியில் பெரும்பகுதி கோல் இந்தியா என்ற ஒரே பொதுத்துறை நிறுவனத்திடமிருந்து வருகிறது. மிச்சம் வேறு சில சுரங்கங்களிலிருந்தும், இறக்குமதிக் கரி சில துறைமுகங்கள் வழியாகவும் வருகிறது. அதனால் ஏய்ப்புக்கு இடம் குறைவு, வசூல் செலவும் குறைவு. 2014இல் 100, 2015இல் 200, 2016இல் 400 ரூபாய் என்று ஆறே ஆண்டுகளில் வரி எட்டு மடங்கானபோதும் அரசியலில் பெரிய கொந்தளிப்பு எழவில்லை. அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கரி தேவை என்று கொண்டால், 400 ரூபாய் செஸ் என்பது யூனிட்டுக்கு ஏறத்தாழ 28 பைசா. இது சிறு தொகை அல்ல. தூத்துக்குடியிலும் மேட்டூரிலும் எரிந்த கரிக்கும், நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிக்கும் தமிழ்நாட்டின் மின் நுகர்வோர் இதைக் கட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பணம் போன வழிதான் வருத்தம் தருவது. 2010-11 முதல் 2017-18 வரை வசூலானது சுமார் 86,000 கோடி ரூபாய். அதில் நிதியத்துக்கு மாற்றப்பட்டது 30,000 கோடிக்கும் குறைவு. திட்டங்களுக்குச் செலவானது 16,000 கோடியைக்கூடத் தொடவில்லை. நூறு ரூபாய் வந்தால் பதினெட்டு ரூபாய்தான் உரிய திசையில் போயிருக்கிறது. அந்தப் பதினெட்டிலும் ஆய்வின் பங்கு மிகச் சொற்பம். புதிய, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் வழக்கமான மானியங்கள், கங்கைத் தூய்மைத் திட்டம், பசுமை இந்தியா இயக்கம் என்று எங்கெங்கோ அது பிரிந்துபோனது. நிதியம் செலவிட்டவற்றில் பசுமை மின்வழித்தடம் பயனுள்ள வேலை என்பதை மறுக்க முடியாது. தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்களில் காற்றாலை, சூரிய மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பித்தடங்களுக்கான செலவில் 40 விழுக்காட்டை நிதியம் ஏற்றது. ஆனாலும் மின்கோபுரம் நடுவது பல காலமாகத் தெரிந்த தொழில்நுட்பம். அதற்கு வழக்கமான நிதி ஒதுக்கீடே போதும்.

“ஆய்வுத் திட்டங்களே வரவில்லை, அரசு எதற்குப் பணம் கொடுக்கும்?” என்று கேட்கலாம். விண்ணப்பங்கள் மெலிந்திருந்தது உண்மைதான். ஆனால் வாசலை எப்படி வைத்திருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு பல்கலைக்கழகமோ இளம் நிறுவனமோ நேராக வந்து நிற்க முடியாது. ஏதேனும் ஒரு அமைச்சகம் பரிந்துரைக்க வேண்டும். திட்டச் செலவில் 40 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்காது. பலிக்குமா என்று தெரியாத ஆய்வுக்கு மீதி 60 விழுக்காட்டைத் தர எந்த வங்கி முன்வரும்? முடிவெடுத்ததோ பல அமைச்சகங்களின் அதிகாரிகள் அடங்கிய குழு. தோல்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அதிகாரி தோற்கக்கூடிய திட்டத்தில் கையெழுத்திடத் தயங்குவது இயல்பு. அமெரிக்கா இதே காலத்தில் 2009இல் 40 கோடி டாலரோடு தொடங்கிய ஆர்ப்பா-ஈ என்ற எரிசக்தி ஆய்வு அமைப்பில், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் பணிக்கு வரும் துறை வல்லுநர்கள் திட்டங்களைத் தேர்கிறார்கள். இலக்கை எட்டாதவற்றை நடுவிலேயே நிறுத்தவும் அவர்களால் முடிகிறது. இந்தியாவில் வசூலான தொகையோடு ஒப்பிட்டால் அது சிறிய அமைப்பு. அதனிடம் இருந்ததும் நம்மிடம் இல்லாததும் பொறுப்பேற்கும் ஆள்தான்.

இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று உண்டு. இந்தியா கண்டுபிடிக்கத் தேவையில்லை, பெரிய அளவில் நிறுவினால் விலை தானாக இறங்கும் என்பது அது. முதல் சூரிய மின் ஏலத்தில் யூனிட்டுக்கு 11 ரூபாயை ஒட்டி இருந்த விலை, 2017இல் ராஜஸ்தானின் பட்லாவில் 2.44 ரூபாய்க்கு வந்தது. இந்த வாதத்தில் பாதிக்கு மேல் உண்மை. அந்தச் சரிவு கோடிக்கணக்கான வீடுகளுக்கு நன்மை. ஆனால் விலையை இறக்கிய அறிவும் ஆலைகளும் பெரும்பாலும் சீனாவில் இருந்தன. அந்தச் சார்பைக் குறைக்க 2022இல் சூரியப் பலகைகளுக்கு 40 விழுக்காடு இறக்குமதித் தீர்வை விதித்தோம்; உள்நாட்டு உற்பத்தியை ஊக்குவிக்க 24,000 கோடி ரூபாய் ஒதுக்கினோம். பத்தாண்டு முன்னதாக ஆய்வில் இட்டிருக்க வேண்டிய பணத்தைப் பிறகு பல மடங்காகக் கட்டுகிறோம். தவிரவும், ஆடி மாதம் பெருகி மார்கழியில் வற்றும் காற்று மின்சாரத்தைச் சேமிப்பது, புழுதியிலும் வெயிலிலும் பலகையின் திறன் குறையாமல் காப்பது போன்ற நம் மண்ணின் சிக்கல்களுக்கு வேறொரு நாடு முன்னுரிமை தரும் என்று காத்திருக்க முடியாது.

2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த 400 ரூபாய் அப்படியே மாநிலங்களுக்கான இழப்பீட்டு செஸ்ஸாக மாறியது. இதை நான் முழுத் தவறு என்று சொல்லமாட்டேன். வரி அதிகாரத்தை விட்டுக்கொடுத்த மாநிலங்களுக்கு வாக்குறுதியைக் காப்பதும் அறம்தான். 2025 செப்டம்பரில் செஸ் நீங்கி, நிலக்கரி மீதான ஜிஎஸ்டி 5 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. இது எடைக்கான வரி அல்ல, விலைக்கான வரி. ஆகவே மின் நிலையங்கள் எரிக்கும் சாம்பல் மிகுந்த மலிவான கரிக்குச் சுமை குறைந்துவிட்டது. மாசுக்கு ஏற்ற வரி என்ற பழைய நியாயம் இங்கே அறுந்துபோனது, இது பின்னடைவு.

ஆய்வுக்குச் சொற்பமே தரும் பழைய பழக்கம் புதிய திட்டங்களிலும் தெரிகிறது. 2023இல் அறிவிக்கப்பட்ட பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் 19,744 கோடி ரூபாயில் ஆய்வுக்கு வைத்தது 400 கோடி, அதாவது 2 விழுக்காடு. 2025இல் ஒப்புதல் பெற்ற ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆய்வு, புத்தாக்க நிதி சற்று நம்பிக்கை தருகிறது: அதில் நிதி மேலாளர்கள் உண்டு, எரிசக்தி மாற்றமும் அதன் துறைகளுள் ஒன்று. ஆனால் அது ஓரளவு முதிர்ந்த தொழில்நுட்பத்துக்கே கடனும் முதலீடும் தருகிறது. கருவில் இருக்கும் ஆய்வு மறுபடியும் வெளியே நிற்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப மாநிலங்களுக்கு இப்போது ஒரு வழி உண்டு. 2017 வரை இருந்த நிலக்கரி செஸ்ஸில் மாநிலங்களுக்குப் பங்கில்லை. ஜிஎஸ்டியில் பாதி, கரியை எரிக்கும் மாநிலத்துக்கு வருகிறது. பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் கொண்ட தமிழ்நாடு, அந்தப் பாதியில் ஒரு சிறு விகிதத்தை மின்சேமிப்பு ஆய்வுக்கென ஒதுக்கி, தோற்கும் உரிமையுள்ள ஒரு வல்லுநர் குழுவிடம் ஒப்படைக்கலாம். அதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.