ஜபர்த்தி கண்ட குப்பிகள்

மிஸ்ரு நாட்டு வரலாற்றாசிரியர் அப்துர் ரஹ்மான் அல்-ஜபர்த்தி (1753–1825) இயற்றிய ‘அஜாயிபுல் ஆஸார்’ என்னும் பெருநூலில் நம் மேடைப் பேச்சாளர்க்கு மிக உவப்பான ஓரிடம் உண்டு. ஹிஜ்ரி 1159இல் பிரங்கி மாணவர் சிலர் தம் தந்தையார் ஷைகு ஹஸன் அல்-ஜபர்த்தியிடம் வடிவ கணிதம் ஓதினர். நாடு திரும்பி அதனைப் பரப்பினர். காற்றாலை, பாரம் இழுக்கும் பொறி முதலியன அதன் பயனாகத் தோன்றின என்கிறார் ஆசிரியர். மாணவர் வந்திருக்கக் கூடும். ஆனால் காற்றாலை ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டு முதலே சுழன்று வந்தது. எனவே இப்பகுதியில் மகனின் பாசம் பேசுகிறதேயன்றி அறிவியல் வரலாறு பேசவில்லை.

மேடையில் எவரும் எடுத்துரைக்காத இடம் வேறொன்று. 1748 வாக்கில் ஆளுநராக வந்த அஹ்மத் பாஷா கணிதத்தில் நாட்டமுடையவர். அல்-அஸ்ஹரின் தலைவர் ஷைகு ஷுப்ராவியிடம் அக்கலைகள் குறித்து வினவினார். ஃபராயிளுக்கு வேண்டிய கணக்குக்கு மேல் எங்களிடம் இல்லை என்ற கருத்தில் ஷைகு விடை பகர்ந்தார். அவை ஃபர்ளு கிஃபாயா; சிலர் கற்றால் ஏனையோர் கடமை நீங்கும்; கருவியும் கைத்திறனும் வேண்டும்; எம் மாணவரோ பெரும்பாலும் வறியோர் என்றும் விளக்கினார். பின்னர் அந்தச் ‘சிலருள்’ ஒருவராக ஷைகு ஹஸனைச் சுட்டினார். கடமையை நினைவூட்ட வேண்டிய சட்டச்சொல், கடமையை இறக்கி வைக்கும் சுமைதாங்கியாக மாறியதை இங்கே காண்கிறோம். யானும் ஃபராயிளுக்காக மட்டுமே கணக்கு ஓதியவன். இவ்விடத்தில் கிதாபை மூடிவைத்துச் சற்று நேரம் வாளாவிருந்தேன்.

1774இல் ஷைகு ஹஸன் மறைந்தார். 1798இல் நெப்போலியன் படை புகுந்தது. காஹிராவின் நாஸிரிய்யாவில் பிரெஞ்சு அறிவியற் கழகம் அமைந்தது. ஜபர்த்தி அங்குப் பலமுறை சென்றார். குப்பியிலிருந்து ஒரு நீரை ஊற்றி அதன்மேல் வேறொரு நீரை வார்த்ததும், வண்ணப் புகை எழுந்து மஞ்சள் நிறக் கல்லாய் உறைந்ததும், வேறு நீர்கள் நீலக் கல்லாகவும் சிவப்புக் கல்லாகவும் ஆனதும், வெண்பொடியைப் பட்டடைக்கல்லில் வைத்து மெல்லத் தட்டியவுடன் துப்பாக்கி வெடித்தாற்போல் ஓசை எழுந்ததும், தாம் அஞ்சியது கண்டு அவர்கள் நகைத்ததும் ஒளிவின்றிப் பதிவாகியுள்ளன. எம் போன்றோர் அறிவுக்கு எட்டாதவை என்றும் ஒப்புக்கொள்கிறார்.

இவ்வொப்புதலைப் பற்றிக்கொண்டு அவரை வாய்பிளந்து நின்ற பாமரராகச் சித்திரிப்பது நேர்மையாகாது. பிரெஞ்சுக்காரர் பறக்கவிட்ட வானக்கூண்டு கீழே வீழ்ந்தபோது, திருமண வீடுகளில் பணியாளர் விடும் பட்டம் போன்றதே இது என எள்ளியவரும் அவரே. மண் அள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியின் பயனை நுணுகிக் குறித்தவரும் அவரே.

என் மனக்குறை வேறு. உறைந்த கல்லைக் கையிலெடுத்துப் பார்த்ததாக எழுதுபவர், குப்பியிலிருந்த நீர் யாதெனக் கேட்டதாக எழுதவில்லை. வானநூலும் கருவிகளும் நிறைந்த வீட்டில் வளர்ந்தவர் அவர். கேட்டிருப்பின் விடையிறுக்க, வேதியியல் வல்லார் பெர்தொல்லே அக்கழகத்தின் உறுப்பினராகவே இருந்தார்.