மறைந்த வினைமுதல்: ஒரு மன்னிப்பு அறிக்கையின் மொழி

மன்னிப்புக் கோருதல் என்பது செய்தி கூறும் வாக்கியமன்று. சொல்லும்போதே நிகழும் ஒரு செயல். அச்செயல் நிறைவுற, தவறு இன்னது, செய்தவர் இன்னார், துன்புற்றவர் இன்னார் என்னும் மூன்றும் விளங்க வேண்டும். இவற்றுள் ஒன்று மறைக்கப்படினும் மன்னிப்பே புதுப் பழிக்கு வித்தாகிவிடும். அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனம் 2017இல் வெளியிட்ட அறிக்கையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இதனை ஆராய முற்படுகிறது.

2017 ஏப்ரல் 9ஆம் நாள், சிகாகோவிலிருந்து லூயிவில் நகருக்குப் புறப்படவிருந்த 3411ஆம் எண் விமானத்தில், பணியாளர் நால்வருக்கு இடம் வேண்டி, ஏற்கெனவே அமர்ந்திருந்த பயணிகள் நால்வர் இறங்குமாறு பணிக்கப்பட்டனர். மறுத்த ஒருவரை விமான நிலையப் பாதுகாப்பு அலுவலர்கள் இழுத்துச் சென்றனர். அவர் முகத்தில் குருதி வழிந்தது. சக பயணிகள் எடுத்த காணொளி உலகெங்கும் பரவியது. மறுநாள் தலைமைச் செயல் அதிகாரி ஆஸ்கார் முனோஸ் மன்னிப்புக் கோரினார்.

அவ்வறிக்கையின் முதல் வாக்கியம், இந்நிகழ்வு யுனைடெட் நிறுவனத்தார் அனைவருக்கும் வருத்தமளிப்பதாகக் கூறியது. துன்புற்றவர்க்குரிய இடத்தில் நிறுவனமே வந்து அமர்ந்துகொள்கிறது. அடுத்த வாக்கியம், அப்பயணிகளை ‘ரீ-அக்காமடேட்’ செய்ய வேண்டியிருந்தமைக்கு மன்னிப்புக் கோரியது. மாற்று இடவசதி செய்து தருதல் என்பது அச்சொல்லின் பொருள்.

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்துவார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதுபோல், இச்சொல் விமானத் துறையினரின் குழூஉக்குறி. குழுவினுள் வழங்குமளவும் அதில் குற்றமில்லை. குருதியைக் கண்ட பொதுமக்கள்முன் அதுவே வன்செயலை மூடும் மங்கல வழக்காயிற்று. செத்தாரைத் துஞ்சினார் என்பது கேட்போர் மனம் நோவாமைப் பொருட்டு. இங்கோ மங்கலச்சொல் சொல்வோரைக் காக்கவே பயன்பட்டது. மேலும், ‘வேண்டியிருந்தமை’ என்பது செயலைத் தவிர்க்கவியலாத கட்டாயமாக்கிக் காட்டுகிறது. கட்டாயத்தால் நிகழ்ந்ததற்குப் பொறுப்பேற்பார் எவர்?

ஊழியர்க்கு அவர் எழுதிய மடலோ, அப்பயணியை இடையூறு விளைத்து முரண்டியவர் என்றது. அம்மடலும் வெளியாகவே, மக்கள் இரண்டையும் ஒப்பிட்டுச் சினந்தனர். ஏப்ரல் 11இல் நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது. அன்று வெளியான அடுத்த அறிக்கைதான், நிகழ்ந்ததைக் கொடுமை எனப் பெயரிட்டு, வலிந்து வெளியேற்றப்பட்டவரிடம் மன்னிப்புக் கோரி, முழுப் பொறுப்பையும் ஏற்றது. முதல் நாளிலேயே சொல்லத்தக்க அச்சொற்கள், நெருக்கடிக்குப் பின் வந்தமையால் மதிப்பிழந்தன.

சட்டப் பொறுப்புக்கு அஞ்சியே நிறுவனங்கள் இவ்வாறு மழுப்புகின்றன என்பர் சிலர். அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயினும் இங்கு மழுப்பல் அப்பயனையும் தரவில்லை. ஏப்ரல் 27இல் நிறுவனம் அப்பயணியுடன் இழப்பீட்டு உடன்பாடு கண்டது.

இக்குறை ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று. ‘ஏற்பட்ட இடையூறுக்கு வருந்துகிறோம்’ என்னும் அறிவிப்புத் தொடரில், ‘ஏற்பட்ட’ என்ற சொல் இடையூற்றைத் தானே விளைந்ததாக்குகிறது. ‘வருந்துகிறோம்’ என்பது இரக்கத்தையும் குற்றவுணர்வையும் வேறுபடுத்துவதில்லை. இத்தகைய தொடர்களைக் கடிதப் பயிற்சியில் ஆயத்த வாய்பாடாக வழங்குவது தகுமா என்பதைத் தமிழாசிரியர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். செய்வினை, செயப்பாட்டுவினைப் பாடத்தில் இவ்வறிக்கைகளைத் தமிழாக்கச் செய்து, வினைமுதல் எங்கே மறைந்தது என மாணவரைத் தேடச் செய்யலாம். இலக்கணம் தேர்வுக்குரிய விதியாக நில்லாமல், பொறுப்பை அறியும் கருவியாகவும் அப்போது அவர்க்குப் பயன்படும்.