கியூப்புக்குள் எவ்வளவு மணல்?

மூதூரில் வீடு கட்டுகிறவர் ஆற்று மணலைக் கியூப் கணக்கில்தான் வாங்குகிறார். ஒரு கியூப் என்றால் 100 கன அடி, ஏறத்தாழ 2.83 கன மீற்றர். டிப்பர் பெட்டியின் நீள, அகல, உயரத்தைப் பெருக்கினால் கணக்கு முடிந்தது. தராசு தேடி அலைய வேண்டாம். வாங்குகிறவரும் அளவுநாடா பிடித்துச் சரிபார்த்துவிடலாம். கியூப் முறை இத்தனை காலம் நிலைத்ததற்கு இந்த எளிமையே காரணம்.

ஆனால் அந்த 100 கன அடிக்குள் இருப்பது எல்லாம் மணலா?

திணிவைக் கனவளவால் வகுத்தால் அடர்த்தி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். திண்மத்துக்கு அந்தச் சூத்திரம் அருமையாக வேலை செய்கிறது. இதே திருகோணமலை மாவட்டத்தில், புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலில் உள்ள இல்மனைற்றின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 4.7 மடங்கு, சாதாரண வெள்ளை மணலான படிகக்கல்லுக்கு 2.65 மடங்குதான். இந்த வித்தியாசம் இருப்பதால்தான் ஓடும் நீரைக்கொண்டே பாரமான மணலை வேறாக்க முடிகிறது.

குவித்த மணலில் நிலைமை வேறு. காய்ந்த ஆற்று மணல் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 1600 கிலோதான் நிற்கும். மணிகளின் அடர்த்தியோ 2650. அப்படியானால் பெட்டியின் 40 சதவீதம் வெறும் இடைவெளி. சூத்திரத்தில் பிழை இல்லை. எதன் கனவளவை அளந்தோம் என்பதில்தான் சிக்கல்.

ஈரம் சேர்ந்தால் சிக்கல் பெரிதாகிறது. 5 முதல் 8 சதவீத ஈரத்தில் ஒவ்வொரு மணியையும் மெல்லிய நீர்ப்படலம் சுற்றிக்கொள்ள, மணிகள் விலகி நின்று மணல் 20 முதல் 30 சதவீதம் வரை உப்பும். 10 லீற்றர் வாளியில் காய்ந்த மணல் 16 கிலோ என்றால், 25 சதவீதம் உப்பிய ஈர மணல் சுமார் 13.5 கிலோதான். ஈர மணல்தான் பாரம் என்று நினைக்கும் நமக்கு இது நம்ப முடியாத எண். ஒரு கியூப்புக்குக் காசு கொடுத்தவருக்கு 80 கன அடி மணல்தான் வந்து சேர்கிறது. நட்டம் காசோடு நிற்பதில்லை. 1:2:4 என்று பெட்டியால் அளந்து கலக்கும் மேசனின் கலவையில் மணல் குறைந்து, கொங்கிறீற்றில் பொந்து விழுகிறது.

அப்படியானால் நிறுத்தே விற்கலாமே என்பார்கள். அதிலும் குறை உண்டு. மாரியில் நனைந்த மணலை நிறுத்தால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டி வரும். கியூப்பில் ஈரம் இடத்தைத் திருடுகிறது, தராசில் ஈரம் பாரமாக ஏறிக்கொள்கிறது. தனியே கனவளவையோ தனியே திணிவையோ நம்ப முடியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஈரத்தின் வேலை பிடிபடும்.

இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. நேர்ப்பக்கம் உள்ள பாத்திரத்தில் ஈர மணலை 20 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தளர்வாக நிரப்பி, உயரத்தைக் குறித்துக்கொண்டு வேறு பாத்திரத்தில் கொட்டுங்கள். முதற்பாத்திரத்தில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மணலைத் திரும்பப் போட்டுக் கிளறி அடைய விடுங்கள். முழுதாக மூழ்கிய மணலில் நீர்ப்படலத்தின் பிடி விட்டுப்போய், அது காய்ந்த அளவுக்கே இறங்கிவிடும். 16 சென்ரிமீற்றரில் நின்றால் உப்பல் 25 சதவீதம்.

கியூப்பை ஒழிக்கச் சொல்லவில்லை. டிப்பர் இறக்குமுன் இந்தச் சோதனையைச் செய்து, உப்பலைக் கழித்து விலை பேசும் வழக்கம் மூதூரில் வர வேண்டும். விஞ்ஞான ஆசிரியர்களும் இரும்புக் குற்றியோடு ஒரு வாளி ஆற்று மணலையும் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும்; நாளை வீடு கட்டப்போவது அந்தப் பிள்ளைகள்தான்.