முகம் கறுத்தால் என்ன?

உவரிக் கடற்கரையில் விடிகாலையில் எடுத்த வீடியோ ஒன்றாவது திசையன்விளைக்காரர்கள் செல்போனில் இருக்கும். அந்தோணியார் கோயிலுக்கோ சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கோ போன குடும்பம் கடலுக்கு முதுகு காட்டி வரிசையாக நிற்கும். சூரியன் படத்தில் ஜம்மென்று விழுந்திருப்பான். சித்தி யார், மதினி யார் என்று கொண்டையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

போனைத் திட்டாதீர்கள். காட்சி மொத்தத்தையும் சராசரி பார்த்து நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவருவதுதான் அது கற்ற பாடம். கடல் கண்ணைக் கூச வைத்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகமும் சேர்ந்து இருண்டுபோகும். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளுங்கள். மதினி தெரிவார். ஆனால் வானம் வெளுத்து வெள்ளைத் தாளாகிவிடும்.

ரசனை தொடங்குவது அந்த இழப்பில்தான். எதிர்வெளிச்சத்தில் எடுத்த காட்சி எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது இது: எடுத்தவர் எதை விட்டுக்கொடுத்தார், முகத்தையா வானத்தையா?

'தளபதி'யில் (1991) சந்தோஷ் சிவன் முகத்தை விட்டுக்கொடுக்கத் தயங்கவில்லை. நாயகன் பெயரே சூர்யா. பின்னால் சூரியன் நின்றால் முன்னால் உருவம் போதும். 'மௌன ராக'த்தில் (1986) பி.சி. ஸ்ரீராம் ஜன்னலை வெளுக்க விட்டார். வீட்டுக்குள் இருப்பவர்களின் தலைமுடி ஓரத்தில் மட்டும் ஒளிக்கோடு ஓடும். முகம் பாதி இருட்டில் இருப்பது அந்தத் தம்பதியின் மௌனத்துக்குப் பொருந்துகிறது.

கடற்கரையில் எடுத்த கல்யாண வீடியோவிலும் கைத்திறனைப் பிடித்துவிடலாம். வெள்ளை நுரை பொங்கி வரும்போதெல்லாம் மாப்பிள்ளை முகம் இருண்டு, அலை திரும்பியதும் வெளுத்தால், கேமரா ஆட்டோவில் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். தெரிந்தவர் லென்ஸில் ஒளி நுழையும் துளையான ஐரிஸைக் கையில் வைத்துக்கொள்வார். விநாடிக்கு 25 பிரேம் என்றால் ஷட்டர் 1/50. மிஞ்சும் வெளிச்சத்துக்கு என்.டி. பில்டர், கேமராவுக்குப் போடும் கூலிங் கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வியூஃபைண்டரில் ஜீப்ரா கோடுகளை நூறு சதவீதத்தில் வைத்தால், வரி விழும் இடத்தில் இனி மீட்க எதுவுமில்லை என்று தெரியும். சட்டையில் விழுந்தால் பரவாயில்லை, நெற்றியில் விழக்கூடாது. பழைய ஹேண்டிகேமில் 'பேக்லைட்' என்றொரு பொத்தான் உண்டு. அது கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டும், அவ்வளவுதான்.

சினிமாக்காரர்கள் தெர்மகோல் அட்டை பிடித்து முகத்துக்கு ஒளி கொடுப்பார்கள். நம் பக்கத்துத் தேரிச் செம்மண்ணில் அது வேண்டாம். பனையேறி மரத்தின் மேல் இருக்கும்போது கீழிருந்து பார்த்தால் வானத்தில் ஒட்டிய கறுப்பு உருவம்தான். பதநீர்க் கலயத்தோடு இறங்கி வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கட்டும். எதிரே வெயில் குளிக்கும் தேரி மண் அவர் தாடைக்கும் கண்ணுக்கும் கீழே செம்பு நிறத்தில் ஒளியை ஏற்றிவிடும். எந்த அட்டையும் அந்த நிறம் தராது என்பது என் கட்சி.

உவரியில் வலை உதறும் நேரத்தில் போங்கள். சூரியனுக்கு எதிரே நின்றால் ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெறித்து மின்னும். சுற்றிப் போய் மறுபக்கம் நின்று பாருங்கள், வெறும் ஈர வலை.