'கேட்ச் எ ஃபயர்' (1973): இரு ஒலிக்கலவைகளும் ஒரு குழுவின் குரலும்

திறவுச்சொற்கள்: ரெகே இசை, வெய்லர்ஸ், ஒலிக்கலவை, கூட்டுப்படைப்பு, ஜமைக்கா.

முன்னுரை

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1972ஆம் ஆண்டு ஒலிப்பதிவு செய்யப்பெற்று, இலண்டனில் மெருகேற்றப்பட்டு, 1973 ஏப்ரல் மாதம் ஐலண்டு நிறுவனத்தால் வெளியிடப்பட்ட இசைத்தொகுப்பு 'கேட்ச் எ ஃபயர்'. பாப் மார்லி, பீட்டர் டோஷ், பன்னி வெய்லர் ஆகிய மூவரின் குரல்களும், ஆஸ்டன் பாரட், கார்ல்டன் பாரட் என்னும் உடன்பிறந்தார் இருவரின் தாளக்கட்டும் வெய்லர்ஸ் குழுவின் அடித்தளமாகும். இத்தொகுப்பைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் ஒரு வினாவையே சுற்றி வருகின்றன: இலண்டனில் சேர்க்கப்பட்டவை இதன் இயல்பைச் சிதைத்தனவா? அவ்வினாவை மீளாய்ந்து, உண்மையான இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது என்பதை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

சேர்க்கையும் தாளக்கட்டும்

ஐலண்டு நிறுவனர் கிறிஸ் பிளாக்வெல், இங்கிலாந்து, அமெரிக்க ராக் இசை இரசிகர்களை மனத்தில் கொண்டு இப்பதிவுகளைச் செப்பம் செய்வித்தார். அமெரிக்கரான வெய்ன் பெர்கின்ஸின் கித்தாரும் ஜான் பண்ட்ரிக்கின் விசைப்பலகை இசையும் பின்னர் சேர்க்கப்பட்டன. கிங்ஸ்டன் கலவையில் இருந்த இரு பாடல்கள் நீக்கப்பட்டன. 2001ஆம் ஆண்டு அக்கலவையும் வெளியிடப்பட்டதால் இரண்டையும் ஒப்பிட வழி பிறந்தது.

ரெகேயின் 'ஒன் டிராப்' தாளத்தில் நான்கு எண்ணிக்கைகளுள் முதலாவது வெறுமையாக விடப்படும். டிரம்மின் அழுத்தம் மூன்றாவதில் விழும். அவ்வெறுமையே இவ்விசையின் உயிர்நிலை. 'கான்கிரீட் ஜங்கிள்' பாடலில் பெர்கின்ஸின் தனிக்கித்தார் மேல்தளத்தில் நீண்டு ஒலிக்கிறது. ஆயினும் அடியிலுள்ள அவ்வெறுமையை அது நிரப்பவில்லை. நகர்ப்புற வறுமையில் சிக்கிய ஒருவனின் தனிமைக்கு அது துணைநிற்கிறது எனலாம். 'ஸ்டிர் இட் அப்' பாடலிலோ நிலை வேறு. வாத்தியங்கள் குறைந்த கிங்ஸ்டன் கலவையில் மூவரின் குரல்களும் நெருங்கி ஒலிக்கின்றன. இலண்டன் கலவையில் விசைப்பலகையின் அணிகள் அந்நெருக்கத்தைத் தளர்த்துகின்றன. எனவே சேர்க்கைகள் அனைத்தையும் ஒருசேரப் புகழ்வதும் இகழ்வதும் பொருந்தா.

பாடல்களின் உரையாடல்

ஒன்பது பாடல்களுள் ஏழு மார்லியுடையவை, இரண்டு டோஷுடையவை. தொகுப்பின் தலைப்பு மார்லியின் 'ஸ்லேவ் டிரைவர்' பாடலில் பயின்றுவரும் ஒரு தொடராகும். அடிமைத்தனத்தின் நினைவையும் இன்றைய வறுமையையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகக் காணும் அப்பாடலைத் தொடர்ந்து டோஷின் '400 இயர்ஸ்' வைக்கப்பட்டுள்ளது. முன்னது அடக்குவோனை நோக்கிப் பேசுகிறது. பின்னது தன் மக்களை, குறிப்பாக இளையோரை, நோக்கிப் பேசுகிறது. மார்லியின் குரலில் எச்சரிக்கையும் டோஷின் குரலில் தளராத உறுதியும் மேலோங்குகின்றன. ஒரே வரலாறு இருவர் வாயிலாக இருவேறு கோணங்களில் உரைக்கப்படுவதே இத்தொகுப்பின் தலையாய சிறப்பு. ஒரு கவிஞரின் தனிக்கூற்றாக மட்டும் இதனைக் கொள்வோர் இவ்வுரையாடலைத் தவறவிடுவர்.

அட்டையும் பெயரும்

முதற்பதிப்பின் அட்டை, கீல் கொண்டு திறக்கும் சிப்போ தீமூட்டியின் வடிவில் அமைந்தது. அதில் எவர் முகமும் முன்னிறுத்தப்படவில்லை. குழுவின் பெயர் வெய்லர்ஸ் என்றே இருந்தது. பின்வந்த பதிப்பிலோ புகைக்கும் மார்லியின் படம் அட்டையை நிறைக்க, பெயரும் 'பாப் மார்லியும் வெய்லர்ஸும்' என மாறியது. 1973 அக்டோபரில் வெளிவந்த 'பர்னின்' தொகுப்புக்குப் பின் டோஷும் பன்னியும் மார்லியுடன் இணைந்து தொகுப்பு எதனையும் உருவாக்கவில்லை. அப்பிரிவுக்கு அட்டையே காரணம் என்று கூறுதல் மிகை. ஆனால், மூவரின் படைப்பை ஒருவரின் படைப்பாகக் கேட்கும் பழக்கத்திற்கு அம்மாற்றம் வழிவகுத்தது என்பது தெளிவு.

முடிவுரை

இலண்டன் சேர்க்கைகள் பாடல்களின் மேற்பரப்பை மாற்றின. தாள அடித்தளத்தை மாற்றவில்லை. மறுபதிப்பின் அட்டையோ ஓர் இசைத்துளியையும் தொடாமல் கேட்போரின் செவியையே மாற்றியது. ஆதலின், எந்தக் கலவை உண்மையானது என்னும் வினாவைவிட, இதில் யாருடைய குரல்களைக் கேட்கத் தவறினோம் என்னும் வினாவே ஆய்வுக்கு உரியது. டோஷின் இரு பாடல்களையும் அவற்றின் இடத்தில் வைத்து மீண்டும் கேட்பதே அதற்கான முதற்படி.